கம்ப்யூட்டரைப் போலீஸ் எடுத்துக்கொண்டு போனால் உங்களுக்கு என்ன உரிமை?

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி ஓர் ஊரில் போலீஸ் ஒரு வீட்டுக்கு வந்து லேப்டாப்பை எடுத்துக்கொண்டு போனால், வண்டி தாமான் (குடியிருப்பு) முனையைத் தாண்டுவதற்குள் ஒட்டுக்கடையில் தீர்ப்பு வந்துவிடும். “வாரன் இல்லாம தொடவே முடியாது,” என்பார் ஒருவர். “அவங்க நெனச்சா எதையும் பார்க்கலாம், நம்ம கையில ஒன்னும் இல்ல,” என்பார் அடுத்தவர். மூன்றாமவர் அமெரிக்கப் படம் நிறையப் பார்த்தவர். “தப்பா எடுத்த சாட்சி கோர்ட்ல செல்லாதுப்பா, கேஸ் தானா விழுந்துடும்,” என்று முடித்துவைப்பார். மூவரும் நல்ல எண்ணத்தில்தான் பேசுகிறார்கள். மூவர் சொல்வதும் தவறு.

நான் வழக்கறிஞர் இல்லை. வழக்கறிஞர் அலுவலகத்தில் கோப்பு கட்டும் ஆள். எங்கள் மேசைக்கு வருகிறவர்களில் பலர் இந்த மூன்றில் ஒன்றை நம்பி ஏதாவது செய்துவிட்டுத்தான் வருகிறார்கள். ஒருவர் கதவைத் திறக்க மறுத்திருப்பார். இன்னொருவர் ஒரு வார்த்தையும் படிக்காமல் நான்கு தாளில் கையெழுத்துப் போட்டிருப்பார். இந்தக் கட்டுரையைச் சட்ட ஆலோசனையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வழக்கறிஞர் முன்னால் உட்காரும்போது எதைக் கேட்பது என்று தெரிந்துகொள்ளப் படியுங்கள்.

கிராணியின் அலமாரி

ஒரு தோட்டத்து ஆபீஸை எடுத்துக்கொள்வோம். தினமும் வேலைக்கு வந்தவர்களின் பெயரைச் செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் எழுதுவார் கிராணி என்கிற எழுத்தர். பெரட்டுக்கே, அதாவது காலை ஆள் கணக்கெடுப்புக்கே, வராதவர்களின் பெயரைப் போட்டு அவர் சம்பளம் எடுக்கிறார் என்று யாரோ ரிப்போர்ட் செய்கிறார்கள். போலீஸ் வருகிறது. அவர்களுக்கு வேண்டியது மூன்று மாதச் செக்ரோல். ஆனால் அது இருப்பது ஓர் இரும்பு அலமாரியில். அதே அலமாரியில் தோட்டத்து ஜனங்களின் ஆஸ்பத்திரிச் சீட்டு, கல்யாணத்துக்குக் கடன் கேட்ட கடிதங்கள், கோயில் திருவிழா வசூல் கணக்கு, கிராணிக்கு அவர் மனைவி எழுதிய கடிதம் எல்லாம் கிடக்கின்றன. உட்கார்ந்து பிரிக்க நேரமில்லை என்று அலமாரியையே லாரியில் ஏற்றுகிறார்கள்.

இப்போது கிராணி கேட்கக்கூடிய கேள்விகளை யோசித்துப் பாருங்கள். எந்த அதிகாரத்தில் தூக்குகிறீர்கள்? உள்ளே என்னென்ன இருந்தது என்று யார் எழுதிவைத்தார்கள்? சாவியைத் தர நான் கடமைப்பட்டவனா? ஸ்டேஷனில் யாரும் புதிதாக ஒரு தாளைச் செருகவில்லை என்பதற்கு என்ன உறுதி? மனைவி கடிதத்தையும் படிப்பார்களா? அலமாரி எப்போது திரும்பி வரும்?

கம்ப்யூட்டர் என்பது அந்த அலமாரிதான். இரண்டு வித்தியாசங்கள் உண்டு. நீங்கள் கிழித்துப் போட்ட தாளும் பல சமயம் இதற்குள் கிடக்கும். அப்புறம், உள்ளே இருக்கும் அத்தனையையும் ஒரு துளி விடாமல் நகல் எடுத்துக்கொண்டு அலமாரியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். கிராணியின் கேள்விகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வாரன் இல்லாமல் எடுக்கலாமா?

வாரன் என்று நாம் சொல்வது தேடுதல் ஆணை. இன்ன இடத்தில் இன்ன பொருளைத் தேடலாம் என்று மாஜிஸ்திரேட் எழுத்தில் கொடுக்கும் அனுமதி அது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 54ஆம் பிரிவிலிருந்து இதைப் பற்றி வருகிறது. ஒழுங்கான வழி அதுதான்.

ஆனால் அது ஒன்றே வழி என்று நினைத்தால் தப்பு. அதே சட்டத்தின் 435ஆம் பிரிவு, ஏதோ ஒரு குற்றம் நடந்திருக்கலாம் என்ற சந்தேகத்தைத் தரும் சூழ்நிலையில் காணப்படும் பொருளைப் போலீஸ்காரர் கைப்பற்றலாம் என்கிறது. ஹேக்கிங் மாதிரியான விவகாரங்களுக்கு 1997ஆம் ஆண்டின் கணினிக் குற்றச் சட்டம் இருக்கிறது. முகநூல், டிக்டாக் பதிவுகள் சம்பந்தப்பட்டவை பெரும்பாலும் 1998ஆம் ஆண்டின் தொடர்பு பல்லூடகச் சட்டத்துக்குள், அதிலும் 233ஆம் பிரிவுக்குள் போகும். இந்த இரண்டு சட்டங்களிலும், வாரன் வாங்கக் காத்திருந்தால் சாட்சியம் அழிந்துவிடும் என்று நம்பக் காரணம் இருந்தால், இன்ஸ்பெக்டர் பதவிக்குக் குறையாத அதிகாரி வாரன் இல்லாமலேயே தேடலாம், கைப்பற்றலாம். கம்ப்யூட்டரில் சாட்சியத்தை அழிக்க ஒரு நிமிடம் போதும் என்பதால், அந்தக் காரணத்தைச் சொல்வது அவர்களுக்குக் கஷ்டமே இல்லை.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி வேறு. வாரன் இருந்தால் வாங்கிப் படியுங்கள். முகவரி உங்களுடையதா, என்ன பொருள் தேடுகிறார்கள், யார் கையெழுத்து என்று பாருங்கள். வாரன் இல்லையென்றால், எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின் கீழ் எடுக்கிறீர்கள் என்று மரியாதையாகக் கேட்டு அதை எழுதிக்கொள்ளுங்கள். கேள்வி கேட்பதை யாரும் இடையூறு என்று சொல்ல முடியாது. கதவை அடைப்பதும், லேப்டாப்பைப் பிடுங்குவதும், பின்பக்கமாகப் பையனிடம் பென் டிரைவைக் கொடுத்து அனுப்புவதும் இடையூறுதான். கணினிக் குற்றச் சட்டத்தில் அதற்கு மட்டுமே 25,000 ரிங்கிட் வரை அபராதமோ, மூன்றாண்டு வரை சிறையோ, இரண்டுமோ உண்டு.

சாலையில் நிறுத்திக் கைப்பேசியைக் கேட்பது பற்றியும் ஒரு வார்த்தை. 2019ஆம் ஆண்டு நவம்பரில், போலீஸுக்குக் கைப்பேசிகளைச் சோதிக்க அதிகாரம் உண்டு என்று அப்போதைய துணை உள்துறை அமைச்சர் நாடாளுமன்றத்தில் சொன்னார். அதிலிருந்துதான் “யாரை வேணும்னாலும், எப்ப வேணும்னாலும்” என்ற பேச்சு வாட்ஸ்ஆப்பில் சுற்ற ஆரம்பித்தது. அதே பதிலில், சோதனைக்கு உள்ளாகிறவர்கள் தங்கள் உரிமைகளைத் தெரிந்திருக்க வேண்டும், அதிகாரியின் அடையாளத்தைக் கேட்கலாம் என்றும் அவர் சொன்னார். அந்தப் பகுதியை யாரும் ஃபார்வர்ட் செய்யவில்லை.

வீட்டு வாசலில் நிற்கும் அந்த அரை மணி நேரம்

எல்லா உரிமைகளிலும் இதுதான் கைக்கு எட்டும் உரிமை. நம் ஆட்கள் கோட்டைவிடுவதும் இங்கேதான்.

முதலில் அடையாள அட்டை. போலீஸ் அதிகார அட்டையின் நிறத்தைப் பாருங்கள். இன்ஸ்பெக்டரும் அதற்கு மேற்பட்டவர்களும் நீல அட்டை வைத்திருப்பார்கள். அதற்குக் கீழ் உள்ளவர்களுக்கு மஞ்சள். போலீஸ் ரிசர்வ் படையினருக்கு வெள்ளை. சிவப்பு அட்டை என்றால் பணி இடைநீக்கம் செய்யப்பட்டவர். அவருக்கு உங்களைச் சோதிக்க எந்த அதிகாரமும் கிடையாது. சில அதிகாரங்கள் இன்ஸ்பெக்டருக்கு மட்டும்தான் என்று மேலே பார்த்தோம், அதனால் நீலமா மஞ்சளா என்பது சும்மா தெரிந்துவைத்துக்கொள்ளும் விஷயம் கிடையாது. பெயரையும் எண்ணையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்தது, கூடவே இருப்பது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 64ஆம் பிரிவின்படி (இனிச் சட்டத்தின் பெயர் இல்லாமல் வரும் பிரிவு எண்கள் எல்லாம் இந்தச் சட்டத்தில் உள்ளவை), தேடும்போது அந்த வீட்டில் குடியிருப்பவரோ அவர் சார்பில் ஒருவரோ கூடவே நிற்க அனுமதிக்க வேண்டும். “நீங்க ஹால்ல உட்காருங்க, நாங்க ரூம்ல பார்த்துக்கறோம்” என்றால், நானும் கூட வருகிறேன் என்று சொல்லலாம். குரலை உயர்த்தத் தேவையில்லை.

பிறகு பட்டியல். கைப்பற்றிய ஒவ்வொரு பொருளையும், அது வீட்டில் எந்த இடத்தில் இருந்தது என்பதையும் எழுதி, தேடியவர் கையெழுத்திட வேண்டும் என்கிறது 63ஆம் பிரிவு. ஸ்டேஷன் பேச்சில் இதற்குப் பெயர் போராங் போங்கார். நீங்கள் கேட்டால் அதன் நகலைத் தர வேண்டும். கேட்டால்தான் கடமை, கேட்காவிட்டால் பெரும்பாலும் வராது. கேளுங்கள்.

பட்டியலில் “லேப்டாப் ஒன்று, கறுப்பு” என்று மட்டும் எழுதினால் அதை ஏற்றுக்கொள்ளாதீர்கள். தயாரித்த கம்பெனி, மாடல், அடியில் ஒட்டியிருக்கும் சீரியல் எண் எல்லாம் வர வேண்டும். சார்ஜர், பை, செருகியிருந்த பென் டிரைவ், கார்டு ரீடருக்குள் இருக்கும் மெமரி கார்டு ஒவ்வொன்றுக்கும் தனி வரி வேண்டும். ஏற்கெனவே திரையில் விரிசல் இருந்தால் அதையும் எழுதச் சொல்லுங்கள். எடுக்கும்போது கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்ததா, அணைந்திருந்ததா, யாராவது உங்கள் முன்னாலேயே மௌஸைப் பிடித்து ஃபைல்களைத் திறந்து பார்த்தார்களா, அப்போது மணி என்ன? இதை அவர்கள் எழுதாவிட்டாலும் நீங்கள் உங்கள் நோட்டில் எழுதிவையுங்கள். காரணம் பின்னால் வருகிறது.

படித்துப் புரியாத தாளில் கையெழுத்து வேண்டாம். பாரம், அதாவது படிவம், மலாயில் இருக்கும், வீட்டில் எஸ்.பி.எம். பரீட்சை முடித்த பிள்ளை இருந்தால் உரக்கப் படிக்கச் சொல்லுங்கள்.

இதுவரை பார்த்தது: வாரன் இல்லாமலும் எடுக்க வழி இருக்கிறது, ஆனால் ஏதாவது ஒரு சட்டப் பிரிவைக் காட்டித்தான் எடுக்க முடியும். எடுக்கும்போது கூடவே நிற்பதும் பட்டியலின் நகலைக் கேட்டு வாங்குவதும் உங்கள் உரிமை.

கடவுச்சொல்லைத் தர வேண்டுமா?

குழப்பம் அதிகம் இருப்பது இங்கே. இரண்டு வெவ்வேறு விஷயங்களை ஒன்றாகப் போட்டுப் பிசைகிறார்கள்.

முதல் விஷயம், கேள்விக்குப் பதில் சொல்வது. விசாரணை அதிகாரி, அதாவது ஐ.ஓ., உங்களை உட்காரவைத்து 112ஆம் பிரிவின் கீழ் வாக்குமூலம் எடுப்பார். அந்தப் பிரிவே, ஒரு கேள்விக்கான பதில் உங்கள் மேல் குற்றச்சாட்டு வரக் காரணமாகலாம் என்றால் அதற்குப் பதில் சொல்ல மறுக்கலாம் என்கிறது. சொல்லும் பதில் உண்மையாக இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. இந்த இரண்டையும் அதிகாரி உங்களிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். “அந்தப் பதிவை நீதான் போட்டாயா?” என்ற கேள்விக்கு, “அதை நான் நீதிமன்றத்தில் சொல்லிக்கொள்கிறேன்” என்று பதில் சொல்கிறவர் எந்தத் தப்பும் செய்யவில்லை.

இரண்டாவது விஷயம், பூட்டைத் திறப்பது. 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வந்த 116பி பிரிவு, இந்தச் சட்டத்தின் கீழ் தேடுதல் நடத்தும், இன்ஸ்பெக்டருக்குக் குறையாத அதிகாரிக்குக் கம்ப்யூட்டரில் இருக்கும் தரவுகளை அணுக வழி கொடுக்க வேண்டும் என்கிறது. அணுகுவது என்றால் என்ன என்பதையும் விளக்கிவிடுகிறது. கடவுச்சொல், மறையாக்கத்தைத் திறக்கும் குறியீடு, தேவையான மென்பொருள், வன்பொருள் எல்லாம் அதில் அடக்கம். மறையாக்கம் என்றால், சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி ஒரு கோப்பைக் குழப்பிவைப்பது. தரவு கம்ப்யூட்டரில் இருந்தாலும் வேறு எங்கு இருந்தாலும் பிரிவு பொருந்தும். ஆக, படமெல்லாம் கூகுள் டிரைவில்தானே இருக்கிறது, லேப்டாப்பில் ஒன்றும் இல்லையே என்ற சமாதானம் ரொம்ப தூரம் ஓடாது. தொடர்பு பல்லூடகச் சட்டத்திலும் இதே மாதிரி ஒரு பிரிவு இருக்கிறது.

“பேசாமல் இருக்க எனக்கு உரிமை உண்டு, ஆகவே கடவுச்சொல்லும் தர மாட்டேன்” என்று முகநூலில் படித்ததை அப்படியே ஒப்பிப்பது ஆபத்தான வேலை. அது அரசு ஊழியரின் கடமைக்கு இடையூறு என்று தனி வழக்காகத் திரும்பக்கூடும். அதே நேரத்தில், கேட்ட உடனே எல்லாரிடமும் வாரிக் கொடுக்கவும் அவசியம் இல்லை. கேட்பவர் இன்ஸ்பெக்டரா? சட்டப்படி நடக்கும் ஒரு தேடுதலின் பகுதியாகத்தான் கேட்கிறாரா? வழக்கறிஞரிடம் பேசிவிட்டுத் தரலாமா என்று கேட்டீர்களா? கொடுப்பதாக இருந்தால், யாரிடம், எத்தனை மணிக்கு, எந்தக் கணக்கின் கடவுச்சொல்லைக் கொடுத்தீர்கள் என்று எழுதிவையுங்கள். அந்த நேரத்துக்குப் பிறகு அந்தக் கணக்கில் நடப்பதற்கு நீங்கள் மட்டுமே பொறுப்பு என்று யாரும் சொல்லிவிட முடியாது.

பொருளை எடுப்பது வேறு, ஆளைப் பிடிப்பது வேறு என்பதையும் நினைவில் வையுங்கள். லேப்டாப் போய்விட்டது என்பதற்காக நீங்கள் கைதாகிவிட்டதாக அர்த்தம் இல்லை. “நான் கைது செய்யப்பட்டிருக்கிறேனா?” என்று நேரடியாகக் கேட்கலாம். கைது என்றால் 28ஏ பிரிவு வேலை செய்யத் தொடங்குகிறது: காரணத்தைச் சொல்ல வேண்டும், உறவினருக்கோ நண்பருக்கோ தகவல் சொல்ல விட வேண்டும், வழக்கறிஞரைத் தொடர்புகொள்ள விட வேண்டும். சாட்சியம் அழிந்துபோகும், கூட்டாளி தப்பிவிடுவான் என்று நம்பக் காரணம் இருந்தால் இதைத் தள்ளிவைக்கலாம், அதற்கு டி.எஸ்.பி.க்குக் குறையாத அதிகாரியின் அனுமதி வேண்டும். வழக்கறிஞருக்குக் காசு இல்லையே என்பவர்களுக்கு, கைது, தடுப்புக்காவல் கட்டத்தில் மலேசியக் குடிமக்களுக்கு இலவசமாக உதவ 2011இல் ஏற்படுத்தப்பட்ட தேசியச் சட்ட உதவி அறவாரியம் இருக்கிறது. ஒய்.பி.ஜி.கே. என்று கேட்டால் கோர்ட்டில் எல்லாருக்கும் தெரியும்.

ஆய்வுக்கூடத்தில் என்ன நடக்கிறது?

படத்தில் காட்டுவதுபோல் ஒருவர் உட்கார்ந்து உங்கள் லேப்டாப்பைத் திறந்து ஒவ்வொரு ஃபோல்டராகக் கிளிக் செய்துகொண்டிருக்க மாட்டார். இருக்கவும் கூடாது. ஒரு கம்ப்யூட்டரை ஆன் செய்தாலே விண்டோஸ் நூற்றுக்கணக்கான இடங்களில் எதையாவது எழுதும். ஒரு கோப்பைத் திறந்தால் அது கடைசியாகத் திறக்கப்பட்ட நேரம் மாறக்கூடும். நீங்கள் சனிக்கிழமைக்குப் பிறகு தொடவே இல்லை என்று சொல்லும் கோப்பு, திங்கட்கிழமை திறக்கப்பட்டதாகக் காட்டும். வீட்டில் யார் மௌஸைப் பிடித்தார்கள், மணி என்ன என்று எழுதிவைக்கச் சொன்னது இதற்காகத்தான்.

சரியான முறை இது. ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, எழுத்துத்தடைக் கருவி ஒன்றின் வழியாக இணைப்பார்கள். அந்தக் கருவி டிஸ்க்கைப் படிக்க விடும், அதில் எதையும் எழுத விடாது. பிறகு டிஸ்க்கின் முதல் புள்ளியிலிருந்து கடைசிப் புள்ளிவரை, காலியாகத் தெரியும் இடத்தையும் சேர்த்து, முழு நகல் எடுப்பார்கள். இதை வட்டு நகல் என்று சொல்லலாம். ஆய்வு முழுவதும் அந்த நகலில்தான் நடக்கும். அசல், உறையில் முத்திரையோடு கிடக்கும்.

நகலும் அசலும் ஒன்றுதான் என்று எப்படி நிரூபிப்பது? அதற்குத்தான் ஹேஷ். எவ்வளவு பெரிய தரவைக் கொடுத்தாலும் ஒரு கணக்குமுறை அதிலிருந்து குறிப்பிட்ட நீளமுள்ள ஓர் எழுத்து வரிசையை உண்டாக்கும். எஸ்.எச்.ஏ.-256 என்ற முறை 64 எழுத்துகள் கொண்ட வரிசையைத் தரும். முழு டிஸ்க்கில் ஒரே ஒரு காற்புள்ளி மாறினாலும் அந்த 64 எழுத்தும் அடையாளம் தெரியாமல் மாறிவிடும். டிஸ்க்கை வாங்கிய உடனே ஒரு ஹேஷ், நகலுக்கு ஒரு ஹேஷ், வழக்கு வரும்போது மறுபடியும் ஒன்று. மூன்றும் ஒத்துப்போனால் இடையில் யாரும் எதையும் செருகவில்லை. கிராணியின் அலமாரிக்கு இந்த வசதி கிடையாது. அங்கே முத்திரையையும் ஆள் வார்த்தையையும்தான் நம்ப வேண்டும்.

ஆனால் ஒன்று. ஹேஷ் எடுத்த நேரத்திலிருந்துதான் அதன் காவல். வீட்டிலிருந்து எடுத்த நாளுக்கும் ஹேஷ் போட்ட நாளுக்கும் இடையில் அந்த லேப்டாப் எந்த மேசையில் இருந்தது, யார் கையில் இருந்தது என்பதற்குத் தனியாகப் பதிவு வேண்டும். அதைக் காவல் சங்கிலி என்பார்கள்: யார் கொடுத்தார், யார் வாங்கினார், எந்த நாள், எந்த நேரம், உறை உடையாமல் இருந்ததா என்ற தொடர்ச்சியான குறிப்பு. பொருள் சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போவுக்கும், அங்கிருந்து கோலாலம்பூர் பக்கம் ஓர் ஆய்வுக்கூடத்துக்கும் போகலாம். நல்ல வழக்கறிஞர் முதலில் கைவைக்கும் இடம் இந்தச் சங்கிலிதான். வழக்கு கோர்ட்டுக்கு வந்தால், விசாரணை தொடங்கும் முன்பே, சாட்சியமாக வைக்கப்போகும் ஆவணங்களின் நகலை அரசுத் தரப்பு உங்களுக்குத் தர வேண்டும் என்று 51ஏ பிரிவு சொல்கிறது. ஆய்வறிக்கை கைக்கு வந்ததும், அதில் ஹேஷ் எண்ணும் தேதியும் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

அழித்த கோப்புகள் பற்றிக் கேட்பீர்கள். டெலீட் பட்டனை அழுத்தினால் பழைய ஹார்ட் டிஸ்க்கில் கோப்பு போய்விடுவதில்லை. அந்த இடம் காலி என்று குறித்துவைக்கப்படுகிறது, அவ்வளவுதான். வேறொன்று அதன்மேல் எழுதப்படும்வரை மீட்டெடுக்கலாம். புதிய எஸ்.எஸ்.டி. வகையில், காலி என்று குறித்த இடத்தைச் சாதனம் தானாகவே துடைத்துவிடுவதால் மீட்பது கடினம். இதைப் படித்துவிட்டு யாருக்கும் யோசனை வர வேண்டாம். விசாரணை நடக்கிறது என்று தெரிந்த பிறகு அழிப்பதும், எடுத்துப்போன கைப்பேசியை வீட்டிலிருந்தபடி வேறு கைப்பேசி மூலம் துடைப்பதும் தண்டனைச் சட்டத்தின் கீழ் தனிக் குற்றமாகலாம். இல்லாத வழக்கை நாமே உண்டாக்கிக்கொள்ளும் வேலை அது.

சுருக்கமாக: பதில் சொல்லாமல் இருப்பதற்கும் கடவுச்சொல் தராமல் இருப்பதற்கும் சட்டம் வேறு. ஆய்வு நகலில் நடக்க வேண்டும், ஹேஷ் அந்த நகலின் நேர்மைக்குச் சாட்சி, காவல் சங்கிலி அந்த ஹேஷ் எடுக்கும்வரை பொருள் எங்கே இருந்தது என்பதற்குச் சாட்சி.

தவறாக எடுத்திருந்தால் வழக்கு விழுந்துவிடுமா?

இல்லை. மூன்றாமவருடைய அமெரிக்கப் படம் இங்கேதான் ஏமாற்றுகிறது. சட்டத்துக்குப் புறம்பாக எடுத்த சாட்சியத்தைப் பொதுவாக ஒதுக்கிவைப்பது அமெரிக்க நீதிமன்றங்களின் வழி. நம் நீதிமன்றங்கள் வேறு வழியில் வந்தவை. கென்யாவில் ஒருவர் சைக்கிளில் போகும்போது தடுப்பில் நிறுத்தப்பட்டார். அவரைச் சோதித்தவர்களுக்கு அப்படிச் சோதிக்கத் தேவையான பதவி இல்லை. இரண்டு தோட்டாக்கள் கிடைத்ததாகச் சொன்னார்கள். குருமா என்ற அந்த வழக்கு 1955இல், பிரிட்டிஷ் காலனிகளின் மேல்முறையீட்டு மன்றமாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில்வரை போனது. சாட்சியம் வழக்குக்குத் தொடர்புடையதா என்பதே கேள்வி, அதை எப்படி எடுத்தார்கள் என்பது இல்லை என்று தீர்ப்பு வந்தது. குற்றம் சாட்டப்பட்டவருக்கு மிகவும் அநியாயமாக இருக்கும் என்றால் ஒதுக்கிவைக்க நீதிபதிக்கு ஒரு விருப்புரிமை உண்டு என்றும் சொன்னார்கள். மலேசிய நீதிமன்றங்கள் இதைத்தான் பின்பற்றி வருகின்றன.

எனக்கு இந்த விதி பிடிக்காது. பட்டியல் தராத அதிகாரிக்கும் தந்த அதிகாரிக்கும் ஒரே பலன் என்றால், தருகிறவர் எதற்காகச் சிரமப்பட வேண்டும்? ஆனால் சட்டம் எப்படி இருக்கிறதோ அப்படித்தான் அதைத் தெரிந்துகொள்ள முடியும். அப்படியானால் வாசலில் அவ்வளவு எழுதிவைத்தது வீணா? இல்லை. சாட்சியத்தை உள்ளே விடுவது ஒரு விஷயம், அதை நம்புவது இன்னொரு விஷயம். பட்டியலில் இல்லாத பென் டிரைவ் ஒன்று கோர்ட்டில் வந்து நின்றால், அது எங்கிருந்து வந்தது என்று கேட்க உங்கள் கையில் நகல் வேண்டும். அதிகாரி மீறி நடந்திருந்தால், 2023 ஜூலையிலிருந்து செயல்படும் சுயேச்சைப் போலீஸ் நடத்தை ஆணையத்திடமோ, மனித உரிமை ஆணையமான சுஹாகாமிடமோ, போலீஸ் தலைமையகமான புக்கிட் அமானின் நேர்மைப் பிரிவிடமோ புகார் செய்யலாம். சிவில் வழக்கும் போடலாம். எல்லாவற்றுக்கும் தேதியும் பெயரும் கேட்பார்கள்.

ஐந்து பேர் வீட்டில் ஒரே கம்ப்யூட்டர்

நம் ஊர்களுக்கு மிகவும் பொருந்தும் விஷயம் இது, அதிகம் பேசப்படாததும் இதுதான். தோட்டத்து லயத்து வீட்டை விட்டுத் தாமானுக்கு வந்த குடும்பத்தில் கம்ப்யூட்டர் ஹாலில் இருக்கும். கடவுச்சொல் திரையின் ஓரத்தில் மஞ்சள் தாளில் ஒட்டியிருக்கும். மகள் பள்ளி வேலைக்கு, மகன் கேமுக்கு, அப்பா கோயில் கமிட்டிக் கணக்குக்கு, பக்கத்து வீட்டுப் பையன் பிரிண்ட் எடுக்க. யாரோ ஒருவருடைய வாட்ஸ்ஆப் வெப் மூடாமலே கிடக்கும். இணைய இணைப்பு அப்பாவின் ஐ.சி.யில், அதாவது அவர் அடையாள அட்டையைக் காட்டி அவர் பெயரில் எடுத்தது.

2012இல் சாட்சியச் சட்டத்தில் 114ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். ஒரு பதிவு எந்தக் கம்ப்யூட்டரிலிருந்து வந்ததோ அது யாருடைய காவலில் அல்லது கட்டுப்பாட்டில் இருக்கிறதோ, அவரே அதை வெளியிட்டார் என்று அனுமானிக்கப்படும். எந்த இணைய இணைப்பிலிருந்து வந்ததோ, அதைப் பதிவு செய்தவர் மேலும் அதே அனுமானம். அனுமானம் என்றால், மறுத்து நிரூபிக்கப்படும்வரை நீதிமன்றம் உண்மை என்று எடுத்துக்கொள்ளும் நிலைப்பாடு. ஆக, அப்பா தான் எழுதவில்லை என்று காட்ட வேண்டியிருக்கிறது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 14ஆம் தேதி பல இணையத்தளங்கள் இதை எதிர்த்து ஒரு நாள் கறுப்புத் திரை போட்டன. பிரிவு அப்படியேதான் இருக்கிறது.

அதனால் ஆய்வில் தெரியவரும் விவரங்கள் சில சமயம் உங்களுக்கே உதவும். பதிவு வந்த நேரத்தில் எந்தப் பயனர் கணக்கு திறந்திருந்தது, அப்பா அப்போது எஸ்டேட்டில் வேலையில் இருந்தாரா என்பதெல்லாம் அனுமானத்தை முறிக்கும் சாட்சியம். வீட்டில் ஆளுக்கொரு பயனர் கணக்கும் தனிக் கடவுச்சொல்லும் வைக்கப் பத்து நிமிடம்தான் ஆகும். பிரிண்டிங் கடை, இணைய மையம் நடத்துகிறவர்கள் யார், எந்தக் கம்ப்யூட்டர், எத்தனை மணி என்று ஒரு நோட்டுப் போடுங்கள்.

மற்ற அந்தரங்கங்கள்

தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். 2010ஆம் ஆண்டின் அந்தச் சட்டம் மத்திய, மாநில அரசாங்கங்களுக்குப் பொருந்தாது. போலீஸிடம் அதைக் காட்டிப் பயனில்லை. ஆனால் உங்களுக்கும் உங்கள் வழக்கறிஞருக்கும் இடையிலான கடிதப் போக்குவரத்துக்குச் சாட்சியச் சட்டத்தின் 126ஆம் பிரிவில் பாதுகாப்பு உண்டு. லேப்டாப்பில் அப்படிக் கடிதங்கள் இருந்தால், எடுக்கும்போதே சொல்லிவிடுங்கள், வழக்கறிஞர் மூலம் எழுத்திலும் தெரிவியுங்கள். கணக்காளர்கள், கூட்டுறவுச் சங்கச் செயலாளர்கள் போன்றவர்கள், ஊர்க்காரர்களின் விவரங்களும் அதில் இருக்கின்றன என்று ஐ.ஓ.வுக்கு ஒரு கடிதம் கொடுத்துவைப்பது நல்லது.

எப்போது திரும்பக் கிடைக்கும்?

“ரெண்டு வாரத்துல வந்து எடுத்துக்கங்க” என்று வாசலில் சொல்வதை நம்பி உட்கார வேண்டாம். விசாரணை இத்தனை நாளில் முடிய வேண்டும் என்று கெடு இல்லை. ஆய்வுக்கூட வரிசையும் நீளமானது. ஆனால் 413ஆம் பிரிவு, போலீஸ் கைப்பற்றிய பொருளைப் பற்றி மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிவிக்க வேண்டும், அதை உரியவரிடம் ஒப்படைப்பது பற்றி அவர் உத்தரவிடலாம் என்கிறது. ஆகவே முதலில் ஐ.ஓ.வுக்கு எழுத்தில் கேளுங்கள்: ரிப்போர்ட் எண், பட்டியலின் நகல், ஏன் அவசரமாக வேண்டும் என்ற காரணம். பிள்ளையின் பரீட்சை, கடையின் கணக்கு எல்லாம் காரணங்கள்தான். வட்டு நகல் எடுத்து முடிந்திருந்தால் அசலைத் தரலாமே என்றும் கேட்கலாம். பதில் வராவிட்டால் வழக்கறிஞர் மூலம் மாஜிஸ்திரேட்டிடம் விண்ணப்பம். குற்றத்துக்குப் பயன்பட்ட கருவியே அதுதான் என்றால் பறிமுதல் ஆகவும் வாய்ப்புண்டு.

திரும்ப வாங்கும் நாளில் கையெழுத்துக்கு முன்னால் சீரியல் எண்ணைப் பட்டியலோடு ஒப்பிட்டு, அங்கேயே ஆன் செய்து பாருங்கள். வேலை செய்யவில்லை என்றால் அதை ஒப்படைப்புப் பாரத்தில் எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். வீட்டுக்கு வந்ததும், நீங்கள் கொடுத்த கடவுச்சொற்களையெல்லாம் வேறொரு கருவியிலிருந்து மாற்றிவிடுங்கள். நகல் இன்னும் அவர்களிடம் இருக்கலாம். அப்புறம் சார்ஜர். பட்டியலில் தனி வரியாக எழுதியிருந்தால் கேட்டு வாங்கலாம். இல்லையென்றால் புதிதாக ஒன்று வாங்க வேண்டியதுதான்.